மஞ்சள் அட்டைக் கூண்டுகள்

பயம் ரத்தத்தில்தான் இருக்கிறது என்று படித்தவள் ஒருத்தி வாயால் கேட்ட அன்றைக்கு, கிளெண்டா பாஸ்கோ கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதாள். துக்கத்தில் இல்லை, நிம்மதியில். இருபத்து மூன்று வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறாங்கல்லை யாரோ இறக்கிவைத்த மாதிரி இருந்தது அவளுக்கு.

சொன்னவள் அனெக்கா. நாலு வருஷமாக ஆராய்ச்சிப் பட்டத்துக்காக ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்து அடித்தளத்தில் சுண்டெலிகளோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த பெண். முப்பது வயதுகூட ஆகவில்லை, அதற்குள் நெற்றியில் மூன்று கோடு. கிளெண்டா அங்கே எலிகளைப் பார்த்துக்கொள்பவள். கூண்டு மாற்றுவது, தீனி வைப்பது, குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிப்பது, செத்ததை எடுத்துப் போடுவது எல்லாம் அவள் வேலை. இருபத்தொன்பது வருஷ சர்வீஸ். அடிலெய்டுக்குப் பேராசிரியர்கள் வருவார்கள், போவார்கள். வாளியும் கையுமாக அவள் மட்டும் அங்கேயே இருப்பாள்.

அனெக்காவின் சோதனை குழந்தைக்கும் புரியும். தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் கூட்டல் குறி மாதிரி ஒரு மேடை. அதன் நாலு பாதைகளில் இரண்டுக்குப் பக்கச் சுவர் உண்டு, மற்ற இரண்டும் வெட்டவெளி. நடுவில் விட்டால், பயந்த எலி சுவருக்குள் ஓடி ஒடுங்கிவிடும். துணிந்த எலி வெளியே வந்து விளிம்பில் தலையை நீட்டிக் கீழே எட்டிப் பார்க்கும். ஒரு மரபணுவை முடக்கிய எலிகளை அனெக்கா வளர்த்துவந்தாள். அவற்றின் கூண்டுகளுக்கு மஞ்சள் அட்டை. முடக்காத சாதாரண எலிகளுக்கு வெள்ளை அட்டை. ஐந்து நிமிஷச் சோதனையில் வெள்ளை அட்டைக்காரர்கள் அரை நிமிஷம்கூட வெளியே நிற்கவில்லை. மஞ்சள் அட்டைக்காரர்களோ இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஊர்வலம் போனார்கள்.

“பாத்தீங்களா கிளெண்டா? ஒரே ஒரு மரபணு! அதை முடக்கிட்டா பயம் பாதிக்கு மேல காணாமப் போயிடுது!” அனெக்கா கேக் வாங்கி வந்திருந்தாள். விரலெல்லாம் கிரீம்.

“அப்போ பயம்ங்கிறது பொறக்கும்போதே வர்றதா?”

“இந்த எலிங்க அப்படித்தான் சொல்லுது. ஆனா மனுஷங்களுக்கும் அப்படியேன்னு எடுத்துக்கக் கூடாது.”

அந்தக் கடைசி வாக்கியம் கிளெண்டாவின் காதில் ஏறவில்லை. நமக்கு வேண்டியதைக் கேட்டு முடித்ததும் காது தானாக மூடிக்கொள்கிறது. அதற்கு எந்த மரபணுவும் வேண்டியதில்லை.

அந்தப் பாறாங்கல் என்னவென்று இப்போதே சொல்லிவிடுகிறேன். மகள் டீகனுக்கு மூன்றரை வயதாக இருந்தபோது, வடக்கே டார்வின் நகரத்துக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்த புருஷன் கெவ், வழியில் ஓர் ஊரில் வேறொருத்தியோடு தங்கிவிட்டான். கிளெண்டாவுக்குக் காலை ஆறு மணிக்கு வேலை. ஐந்தரைக்குள் பிள்ளையைக் காப்பகத்தில் விட வேண்டும். பிள்ளைக்கோ காப்பகம் என்றால் உயிர் போகும். கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். தினம் தினம் கத்தல், உலுக்கல், காலைப் பிடித்து இழுத்துப்போடல். ஒரு ஜூலை மாதக் குளிரில், நேரமாகிவிட்ட ஆத்திரத்தில், பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துத் தூக்கினாள். முழங்கையில் ஏதோ சொடுக்கியது. பிள்ளையின் கை துணி மாதிரித் தொங்கியது.

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டர் ஒருவர் கையை லேசாகத் திருகி, ஒரு நொடியில் சரிசெய்துவிட்டார். “எப்படி ஆச்சு?” என்று கேட்டார். “கட்டில்லேர்ந்து விழுந்துட்டா” என்றாள் கிளெண்டா. பிள்ளை அவள் மடியில்தான் உட்கார்ந்திருந்தது. அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

இப்போது டீகனுக்கு இருபத்தேழு. லார்க்ஸ் பே கடலோரத்தில் அம்மாவோடுதான் இருக்கிறாள். பின்னறையில் உட்கார்ந்தபடியே ஒரு காப்பீட்டுக் கம்பெனிக்குத் தொலைபேசி எடுக்கும் வேலை. வாசல் தபால் பெட்டியைத் தாண்டித் தனியாக நாலடி வைத்தால் நெஞ்சு படபடத்து மூச்சு முட்டும். ரயிலேறி இரண்டு வருஷமாகிறது. அவளுக்குக் கோரி என்று ஒருவன் வாய்த்தான். எலக்ட்ரீஷியன். அப்படியொரு பொறுமைசாலியை நான் பார்த்ததில்லை. கடற்கரைச் சாலையில் அவளைக் கைப்பிடித்து நடத்திக்கொண்டு போவான். வாரத்துக்கு ஒரு விளக்குக் கம்பம் கூடுதலாக. ஆறு மாதத்தில் இருபது கம்பம் தாண்டியிருந்தார்கள். கல்யாணப் பேச்சும் வந்துவிட்டது.

கேக் சாப்பிட்ட அன்று மாலை, ஃப்ரிட்ஸ் இறைச்சித் துண்டு வைத்து ரொட்டி அடுக்கிக்கொண்டே கிளெண்டா மகளிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

“நான் சொல்லல? உன் மேலயும் தப்பு இல்ல, என் மேலயும் தப்பு இல்ல. ரத்தம்டி! எங்கப்பாவைப் பாரு, பாலம்னா வண்டியைத் திருப்பிடுவார். ஒரு ஆத்தைத் தாண்ட முப்பது மைல் சுத்துவார். அவர்கிட்டேர்ந்து வந்தது உனக்கு.”

டீகன் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். “அப்போ எனக்குப் பொறக்கறதுக்கும் வருமாம்மா?”

இங்கேதான் நாக்கைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். செய்யவில்லையே மகராசி!

“ரத்தத்துல இருந்தா வரும்தானே கண்ணு. நாம என்ன பண்ண முடியும்?”

மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம் கோரி தன் குளிர்ச் சட்டையையும் கருவிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போக வந்தான். டீகன் அறையை விட்டு வெளியே வரவில்லை.

“என்னடா ஆச்சு?” என்றாள் கிளெண்டா.

“பிள்ளையே வேண்டாமாம். இந்த நரகத்தை இன்னொரு உயிருக்குக் குடுக்க மாட்டாளாம். சரி, பிள்ளை இல்லாட்டி போகட்டும், நீ இருந்தாப் போதும்னேன். ‘இல்ல, உனக்கு ஆசை இருக்கு, எனக்குத் தெரியும், நீ போ’ங்கறா. ரெண்டு வாரமா கெஞ்சிட்டேன், கிளெண்டா. இதுக்கு மேல என்னால முடியல.” தூரத்து ராக்ஸ்பி சுரங்கத்தில் வேலை கிடைத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனான். அதன் பிறகு டீகன் விளக்குக் கம்பங்களின் பக்கமே போகவில்லை.

கிளெண்டாவுக்கு வயிறு எரிந்தது. பெற்ற வயிறாயிற்றே! ஆனாலும் உள்ளே ஒரு மூலையில், ‘என்னால் இல்லை, ரத்தத்தால்’ என்று ஒரு குரல் அவளைத் தட்டிக் கொடுத்துக்கொண்டேதான் இருந்தது. வெட்கம்கெட்ட ஆறுதல். அதை அவளும் விடவில்லை.

ஆகஸ்டில் அவளுக்கு முழங்கால் அறுவை. ஏழு வாரம் வீட்டில் கிடந்தாள். அவள் இடத்தில், வார இறுதிகளில் மட்டும் வரும் பாய்ட் முழுநேரம் நின்றான். அனெக்காவின் கட்டுரையைப் பார்த்த ஆராய்ச்சிப் பத்திரிகைக்காரர்கள், இன்னொரு தொகுதி எலிகளை வளர்த்துச் சோதித்துக் காட்டு என்று எழுதியிருந்தார்கள். அந்தத் தொகுதி பாய்டின் பொறுப்பில் வளர்ந்தது.

கிளெண்டா கைத்தடியோடு வேலைக்குத் திரும்பிய நாள், அனெக்கா நடைவழியில் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது.

“வித்தியாசமே இல்ல கிளெண்டா. வெள்ளை அட்டை அரை நிமிஷம், மஞ்சள் அட்டையும் அரை நிமிஷம். அதே மரபணு, அதே மேடை, அதே விளக்கு. எங்கே போச்சு? நாலு வருஷமா பாத்தது எங்கே போச்சு?”

பின்னாலிருந்து பாய்ட் வந்தான். “வா மகாராணி, வா! நீ இல்லாத நேரத்துல இவ என்னை விசாரணைக் கைதி ஆக்கிட்டா. என்ன சோப்பு, என்ன பீர், எப்போ தாடி எடுத்தேன், எல்லாம் எழுதி வாங்கியாச்சு. ஆம்பள வாடை அடிச்சா எலி மிரளுமாம். முப்பது வருஷமா என் பொண்டாட்டி ஒரு நாள் மிரண்டதில்ல, எலி மிரளுதாம்!”

“வாடை உண்மைதான், ஆராய்ச்சி பண்ணி எழுதியே இருக்காங்க” என்றாள் அனெக்கா. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. “ஆனா வாடை ரெண்டு அட்டைக்கும் ஒண்ணுதானே. வெள்ளையோட நேரம் குறையவே இல்ல, மஞ்சளோடது மட்டும்தானே குறைஞ்சிருக்கு.”

பத்து நிமிஷத்தில் கிளெண்டாவுக்கு விடை கிடைத்துவிட்டது. எலி அறையில் பாய்ட் மஞ்சள் அட்டைக் கூண்டு ஒன்றைத் திறந்தான். உள்ளே இருந்த நாலும் மூலைக்கு ஓடி ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டன. அவன் இரண்டு விரலால் ஒன்றின் வாலடியைப் பிடித்துத் தூக்கினான். அது காற்றில் நீந்தியது.

“அதுங்களை ஏன்டா அப்படித் தூக்குற?”

“பின்ன எப்படித் தூக்கணும்? சுவத்துல ஒட்டியிருக்கே ரூல். வாலோட அடியில, ரெண்டு விரல். நீதானே எனக்குச் சொல்லிக் குடுத்த?”

அவள்தான். ஆனால் மஞ்சள் அட்டைக்காரர்களை அவள் ஒருநாளும் அப்படித் தூக்கியதில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் முதல் முதலாக ஒன்பதே ஒன்பது குட்டிகள் வந்தன, நோஞ்சான்களாக. “பாத்து கிளெண்டா, ஒண்ணு செத்தாலும் எனக்கு ஒரு வருஷம் போச்சு” என்று அனெக்கா கும்பிடாத குறையாகச் சொன்னாள். நோஞ்சான் குட்டிகளுக்கு அடித்தளத்தில் வேலை செய்யும் எல்லோரும் செய்வதைத்தான் கிளெண்டாவும் செய்தாள். இரண்டு கைகளையும் குவித்து அடியில் கொடுத்து, தானாக ஏறும்வரை காத்திருந்து எடுத்தாள். ஒன்பது தொண்ணூறாகி, தொண்ணூறு நானூறான பிறகும் அந்த அடுக்குக்குப் போனால் அவள் கை தானாகக் குவியும். வெள்ளை அட்டைக்குப் போனால் இரண்டு விரல். கைப்பழக்கம். அதில் யோசனை ஏது? அனெக்காவின் கட்டுரையில் ‘எலிகள் அனைத்தும் வாலடியைப் பிடித்துத் தூக்கப்பட்டன’ என்று ஒரு வரி உண்டு. அந்த வரிக்கு ஆதாரமான தகவல் தாளில் கையெழுத்துப் போட்டவள் யார்? கிளெண்டா பாஸ்கோ. ரூல் அதுதானே என்று படிக்காமலே போட்ட கையெழுத்து.

இரண்டு நாள் அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அனெக்காவின் நாலு வருஷமும் குப்பைக்குப் போகும், அது ஒன்று. அதைவிடப் பெரியது, அவளுடைய ஆறுதலும் சேர்ந்து போகும். பயம் மரபணுவில் இல்லை, தூக்குகிற கையில் இருக்கிறது என்றால், டீகனைத் தூக்கியது யார் கை? பேசாமல் இருந்துவிடலாம். பாய்டின் சோப்பின் மேல் பழியைப் போட்டுவிட்டு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கலாம். ஆனால் வீட்டுக்குப் போனால் டீகன் பின்னறையில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, “உங்கள் பாலிசி எண் என்ன?” என்று கேட்டபடி உட்கார்ந்திருக்கிறாள். கோரியை அவள் அனுப்பியது எந்த வார்த்தையை நம்பி? அம்மா சொன்ன வார்த்தையை. மூன்றாம் நாள் கூண்டு கழுவும் அறையில் அனெக்காவை நிறுத்தி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அனெக்கா நம்பவில்லை. “கையில தூக்கினதுக்கா இவ்வளவு?”

“புதுசாப் பிரிச்ச வெள்ளை அட்டைக் குட்டிங்களை எனக்குக் குடு. ரெண்டு கூண்டு போதும். மூணு வாரம் நான் தூக்குறேன். அப்புறம் மேடையில விடு.”

மூன்று வாரம் கழித்து இருவரும் திரையின் முன்னால் உட்கார்ந்தார்கள். மரபணு முடக்காத, சாதாரண வெள்ளை அட்டை எலி. நடுவில் விட்டதும் மூக்கைத் தூக்கிப் பார்த்தது. சுவருள்ள பாதைக்குள் பாதி போய்த் திரும்பி, வெட்டவெளிக்கு வந்து, விளிம்பில் முன்கால்களை வைத்து எட்டிப் பார்த்தது. அடுத்ததும் அப்படியே. எட்டில் ஏழு அப்படி.

அனெக்கா திரையை அணைத்தாள். “நாலு வருஷமா மரபணுவை அளக்கிறேன்னு நெனச்சேன். உங்க கையைத்தான் அளந்திருக்கேன் கிளெண்டா.”

“என் மேல கோவமா?”

“இருக்கு. பயங்கரக் கோவம் இருக்கு.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “ஆனா தப்பு என்னோடது. ஒரே தாயோட குட்டிங்களைக் கலந்து வளர்த்திருக்கணும், எது எதுன்னு உங்களுக்கே தெரியாம. இடமில்ல, நேரமில்லன்னு ரெண்டு அடுக்கா பிரிச்சு, அட்டை வேற ஒட்டினது நான்தான். நவம்பரோட என் உதவித்தொகை முடியுது.” அதைச் சொல்லும்போதுதான் அழுதாள். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். கிளெண்டா அவள் முதுகில் கை வைக்கப் போய், எந்த முகத்தோடு வைப்பது என்று எடுத்துவிட்டாள்.

“அப்போ ரத்தமே இல்லையா, அனெக்கா?”

“தெரியல. ரத்தம் கொஞ்சம், கை கொஞ்சம் இருக்கலாம். எது எவ்வளவுன்னு இந்த எலிங்களால இனிமே சொல்ல முடியாது.”

கை கொஞ்சம். ரயிலில் வீடு வந்து சேரும்வரை அது ஒன்றுதான் கிளெண்டாவின் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

டீகன் வேலை முடித்து, அடுப்படி மேசையில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தாள். கிளெண்டா கோட்டைக்கூடக் கழற்றவில்லை. எதிரில் உட்கார்ந்து, நிறுத்தினால் தைரியம் போய்விடும் என்கிற வேகத்தில் சொல்லிக்கொண்டே போனாள். மஞ்சள் அட்டை, வெள்ளை அட்டை, நோஞ்சான் குட்டிகள், இரண்டு விரல், குவித்த கை, எட்டில் ஏழு.

“அதனால நான் அன்னைக்கு உங்கிட்ட சொன்னது பொய்டி. தெரிஞ்சு சொல்லல, ஆனா பொய்தான். உனக்குப் பொறக்கிற பிள்ளைக்கு வந்தே தீரும்னு ஒண்ணும் கிடையாது. நீ கோரிக்கு ஃபோன் பண்ணு.”

“கோரிக்கு அங்க ஒருத்தி கெடச்சுட்டா. அவனே எழுதியிருந்தான், நான் வேற யார் மூலமாவும் கேக்கக் கூடாதுன்னு” என்றாள் டீகன்.

கிளெண்டாவுக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் பாதி சொல்லிவிட்டு மீதியை விழுங்கினால், ஆஸ்பத்திரியில் சொன்ன பொய் போல இதுவும் இன்னொரு இருபது வருஷம் உட்கார்ந்துகொள்ளும்.

“இன்னொண்ணு இருக்கு. நீ சின்னதா இருக்கும்போது உன் முழங்கை கழண்டுச்சு. நீ கட்டில்லேர்ந்து விழல. நான்தான்...”

“தெரியும்மா.”

“தெரியுமா?”

“உன் மடியில உக்காந்து கேட்டுட்டுத்தானே இருந்தேன். விழுந்தேன்னு நீ சொன்ன. நான் விழலையேன்னு நெனச்சேன். ஆனா அம்மா சொன்னா சரியாத்தானே இருக்கும்னு விட்டுட்டேன்.” டீகன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் கிளெண்டாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். “ரத்தம்னு நீ சொன்னப்போ உன் முகம் அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. அதுக்காகவே அதை நம்பணும்னு தோணிச்சு எனக்கு.”

கிளெண்டா மேசையைப் பார்த்துக்கொண்டே, “என்னை மன்னிச்சிடு கண்ணு. எனக்கு நேரமே இல்ல அப்போ. ஆறு மணிக்கு வேலை, உங்கப்பன் வேற...” என்றாள். அதற்கு மேல் அவளுக்கே அது கேவலமாகப் பட்டு நிறுத்திக்கொண்டாள்.

“அந்த எலிங்களை எப்படித் தூக்குவ? காட்டு.”

“எதுக்குடி இப்போ?”

“காட்டேன்.”

கிளெண்டா இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தாள். பக்கவாட்டில் ஒட்டிச் சேர்த்து, விரல்களைச் சற்றே மடக்கி, பறவைக் கூடு மாதிரிக் குவித்தாள். “இப்படி அடியில வெச்சுட்டுக் காத்திருக்கணும். இழுக்கக் கூடாது. அதுவா ஏறும்.”

“எவ்வளவு நேரம் காத்திருப்ப?”

“ஏறுற வரைக்கும். சிலது உடனே வரும். சிலதுக்கு ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷம் ஆகும்.”

டீகன் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் கொதி அடங்கிப் பாத்திரம் சும்மா கிடந்தது. தெருவில் யாரோ குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு போனார்கள்.

“நோஞ்சான் குட்டிங்களை இப்படித் தூக்கணும்னு எப்போ கத்துக்கிட்ட?”

கிளெண்டாவுக்குக் கேள்வி எங்கே போகிறது என்று புரிந்துவிட்டது. கடைசி நாலு வருஷத்தில்தான் என்று சொல்லிவிட்டால் போதும். யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

“வேலைக்குச் சேந்த முதல் வாரத்துல” என்றாள்.

“அப்போ நான் பொறக்கறதுக்கு முன்னாடியே.”

“ஆமா.”

“அப்போ காலையில என்னை இழுத்துக் காப்பகத்துல விட்டுட்டுப் போயி, அங்க அதுங்களை இப்படித்தான் தூக்கினியா?”

“ஆமா” என்றாள் கிளெண்டா.

டீகன் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அறைக்குப் போனாள். கிளெண்டாவின் கைகள் மேசைமேல் அப்படியே குவிந்து கிடந்தன. அவற்றை எடுத்து எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.